ஆறங்குல நாயகர்கள்

மொட்டைமாடியில் காய்ந்த வடாமை எடுக்க வந்த கீழ்வீட்டு மாமி, குப்புறப் படுத்துக் கிடந்த எங்கள் மூவரையும் பார்த்து, "எதைத் தொலைச்சீங்க?" என்று கேட்டார். எதையும் தொலைக்கவில்லை. ஆறங்குல ஸ்பைடர்மேன் பொம்மை கைப்பிடிச் சுவரிலிருந்து தாவ வேண்டும். ஒருவன் தூண்டில் நரம்பைப் பிடித்திருந்தான், இன்னொருவன் ஊதுபத்திப் புகையை ஊதிக்கொண்டிருந்தான், நான் கேமராவைத் தரையோடு வைத்திருந்தேன். மூவருக்கும் நாற்பதை நெருங்கும் வயது. விளக்கப் போனால் இன்னும் மோசமாகும் என்று பேசாமல் இருந்துவிட்டோம்.

பொம்மைகளைப் படமெடுக்கும் இந்தப் பொழுதுபோக்கைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் அதிலுள்ள கணக்கைப் பார்ப்பதில்லை. 15 சென்டிமீட்டர் பொம்மை, ஆறடி மனிதனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் மணல் அதன் காலடியில் ஆறு மில்லிமீட்டர் ஜல்லியாகத் தெரியும். ஐந்து மில்லிமீட்டர் நீர்த்துளி தோளில் சாத்துக்குடி அளவில் உட்காரும். மண்ணைச் சலித்து வைக்கலாம், தண்ணீரைச் சலிக்க முடியாது. மழைக்காட்சி எடுத்தவர்கள் எல்லோரும் தோற்ற இடம் இது. கிட்டே போகப் போக ஃபோகஸ் வேறு மெலிந்துகொண்டே வரும். மூக்கு துல்லியமாக இருந்தால் காது மங்கிவிடும். இவற்றோடு மல்லுக்கட்டியே, வெயில் சாயும் நேரத்தையும் நிழலின் நீளத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கல்யாண வீடுகளில் ஆயிரம் படம் எடுத்தும் வராத கண் அது.

ஆனால் எங்கள் படங்களின் கோளாறு பொம்மையின் மூட்டுகளில் இருக்கிறது. 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 12 அங்குல ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்தபோது, பையன்கள் 'பொம்மை' என்றால் தொடமாட்டார்கள் என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் வைத்தது. அசையும் பாகங்கள் 21 என்பது அன்றைக்குப் பெரிய விளம்பரம். இன்றைய பொம்மைகள் விரும்பியபடியெல்லாம் வளைகின்றன. ஆனால் நாங்கள் வளைப்பது இரண்டு மூன்று விதமாகத்தான்: ஒரு முழங்காலும் ஒரு முஷ்டியும் தரையில் பட இறங்குவது, பறந்து உதைப்பது, முதுகைக் காட்டி நின்று திரும்பிப் பார்ப்பது. மூன்றுமே சினிமா போஸ்டர்கள். கோபமுகம், சிரிப்புமுகம், விரித்த கை, மூடிய கை எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடுகின்றன. பாதிப் படம் தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. மீதியை நாம் எடுத்துவிட்டுக் கற்பனை என்கிறோம்.

பொம்மையை வேறுவிதமாகப் பார்த்தவர்களும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு நண்பர்கள், புகைப்படக்காரர் டேவிட் லெவிந்தாலும் கார்ட்டூனிஸ்ட் கேரி ட்ரூடோவும், 1977-இல் 'ஹிட்லர் மூவ்ஸ் ஈஸ்ட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். ரஷ்யப் போர்முனையைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்தே எடுத்த படங்கள். மாவுதான் பனி. வேண்டுமென்றே மங்கவிட்ட ஃபோகஸ், பழுப்பேறிய அச்சு. முதல் பார்வையில் பழைய போர்ப்படம், அடுத்த பார்வையில் பிளாஸ்டிக். இந்த இரண்டுக்கும் நடுவில் நம்மை நிறுத்திவைப்பதுதான் அவற்றின் பலம். பொம்மைத்தனத்தைத் துடைத்தெறிய நாங்கள் படும் பாட்டை அவர்கள் படவில்லை. பொம்மைப் போரில் யாரும் சாவதில்லை என்ற சௌகரியம் அங்கேயும் உண்டு. சில படங்கள் கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கின்றன.

மார்க் ஹோகன்கேம்ப்பிடம் அந்தச் சௌகரியம்கூட இல்லை. 2000-இல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் ஒரு மதுக்கடைக்கு வெளியே ஐந்து பேர் அவரை அடித்துப்போட்டார்கள். ஒன்பது நாள் கோமா. எழுந்தபோது பழைய வாழ்க்கை பெரும்பாலும் நினைவில் இல்லை. வீட்டு முற்றத்தில் ஆறில் ஒரு பங்கு அளவில் மார்வென்கோல் என்ற போர்க்கால ஊரைக் கட்டி, தன்னையும் தெரிந்தவர்களையும் பொம்மைகளாகக் குடிவைத்துப் படமெடுத்தார். பொம்மை ஜீப்பின் டயர் தேய வேண்டும் என்பதற்காக அதைக் கயிறு கட்டிச் சாலையோரமாக இழுத்துக்கொண்டு நடப்பார். அந்தத் தேய்மானம் படத்தில் யார் கண்ணுக்கும் படாமல் போகலாம். அவருக்கு அது தேவையாக இருந்தது.

எங்கள் குழுவுக்கு வருகிறேன். நரம்பைப் பிடிக்க ஒரு கை, டார்ச் அடிக்க ஒரு கை, விழும்போது தாங்க ஒரு கை. கூட்டாளிகள் இல்லாமல் இந்த வேலை ஓடாது. அதே கூட்டாளிகள்தான் படத்தைக் கெடுப்பவர்களும். இரண்டு வருடமாக வாட்ஸப்பில் எந்தப் படம் போட்டாலும் நெருப்பு எமோஜியும் கைதட்டலும்தான். நானும் அப்படித்தான் போட்டேன். மற்றவனின் தூண்டில் நரம்பு பளிச்சென்று தெரிந்த படத்துக்குக்கூட. குறை சொல்ல ஆளில்லாதபோது, படம் சலித்துப்போனதற்குப் பொம்மை மேல் பழி விழும், அடுத்த மாதம் புதிதாக ஒன்று வாங்குவோம். செலவைப் பற்றி வீட்டில் நடக்கும் பேச்சு தனிக் கட்டுரை.

போன மாதம் என் பொம்மை ஒன்று கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்து கணுக்கால் மூட்டு ஒடிந்தது. இனி நிற்காது. தண்ணீர்த் தொட்டி ஓரம் சாய்த்து உட்காரவைத்து, வெறுமனே ஒரு படம் எடுத்தேன். நரம்பு பிடிக்கும் நண்பன் பார்த்துவிட்டு, "இது எந்தப் படத்துல வர்ற சீன்?" என்றான். எதிலும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இடது பக்கம் வெளிச்சம் ஜாஸ்திடா. முகம் வெந்துபோச்சு."

இரண்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் குறை. வெயில் இறங்குவதற்குள் இன்னொன்று எடுக்க, இருவரும் மறுபடி குப்புறப் படுத்தோம்.