லார்டின் பாட்டில் தன்மைப் பன்மை

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1996-இல் பிறந்த எல்லா யெலிச் ஓகானர், ‘லார்டு’ என்னும் புனைபெயரால் அறியப்படுபவர். ஜோயல் லிட்டிலுடன் சேர்ந்து அவர் இயற்றிய ‘ராயல்ஸ்’, ஆண்டின் சிறந்த பாட்டுக்குரிய கிராமி விருதை 2014-இல் பெற்றது. அப்போது அவருக்கு வயது 17. நேஷனல் ஜியாகிரபிக் இதழில் 1976-இல் வெளிவந்த ஒளிப்படம் ஒன்றில், பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட்டின் சட்டைமேல் இருந்த குழுப்பெயரே பாட்டுக்குத் தூண்டுதல் ஆயிற்று. படத்தின் விளையாட்டு பாட்டில் இல்லை. சொல் மட்டுமே எஞ்சியது.

இப்பாட்டின் கருப்பொருள்கள் பல பாடுவார் நிலத்தன அல்ல. விலையுயர்ந்த மதுவும் ஊர்தியும் அணிகலனும் அமெரிக்கப் பாட்டுகளின் வழியே புறநகர் இளையோர் செவிக்கு எட்டியவை. அவற்றை அடுக்கி மறுப்பதே பாட்டின் நெறி. கறுப்பினத்தார் இசைமரபை இஃது இழித்தது என்பாரும் உளர். அக்கூற்றை முற்றத் தள்ளுதல் எளிதன்று. பொருள்களின் தேர்வே அதற்கு இடந்தருகின்றது.

எனினும் பாட்டின் உயிர், மறுப்பவர் யார் என்பதில் உள்ளது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. முன்னிலையாரை உளப்படுத்தலும் விலக்கலும் அதன்கண் வேறுபடா. தமிழில் பெயர்ப்போர் ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘நாங்கள்’ என்பதே பொருந்தும் என்பது எம் துணிபு. செல்வரிடமிருந்து விலகி நின்று ஒலிக்கும் குரல் அது. கேட்டோர் அதனை ‘நாம்’ எனக் கொண்டமையே அதன் வெற்றி போலும்.

விருதுக்குப்பின் அந்த ‘நாங்கள்’ நிலைக்குமோ? 2017-இல் வந்த ‘மெலோட்ராமா’ தொகுப்பில் தனியொருத்தியின் ‘நான்’ ஓங்குகின்றது; விருந்து நிகழ்ந்த இல்லத்தின் தனிமையே அதன் உரிப்பொருள். ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமிப் பரிந்துரையில் இடம்பெற்றும் அது விருது பெறவில்லை. யாம் அதனையே மேலானதாகக் கொள்வோம்.