வன்னிப் பாடல்களும் கேட்போர் உடலும்: ஒரு திறனாய்வு நோக்கு

இசை மனத்துக்கு அமைதி தரும் என்பது பலகாலும் எடுத்தாளப்படும் கூற்றாகும். இசையின் பயனைப் பேசுவோரிற் பெரும்பாலோர் இவ்வமைதியையே அதன் முடிந்த பயனாகக் கொள்வர். அரங்கில் அமர்ந்து கேட்கும் இசைக்கு ஓரளவு பொருந்தும் இக்கூற்று, வன்னி மக்களின் தொழிலிலும் வழிபாட்டிலும் இழவிலும் இடம்பெறும் பாடல்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

பழந்தமிழர் இசையை உடலோடு சேர்த்தே நோக்கினர். புறநானூற்றின் 281ஆம் பாட்டில், விழுப்புண் பட்ட வீரனைக் காக்கும் மகளிர், மனையில் வேப்பிலை செருகி, யாழும் பிற இயங்களும் ஒலிக்கக் காஞ்சி பாடுகின்றனர். புலி பாய்ந்து மார்பிற் புண்பட்ட கணவரின் நோவு தணியக் கொடிச்சியர் பாடுவதை மலைபடுகடாம் கூறுகின்றது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதலைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என ஒரு தனி இயலாகவே வகுத்தது. அழுகையும் வெகுளியும் அங்கு உவகையோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

தற்கால மருத்துவ ஆய்வுகளும் அமைதி என்ற ஒருபக்க முடிபை ஏற்பனவாக இல்லை. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இசையின் காலப்பிரமாணம் விரைவுற, கேட்போரின் மூச்சும் இதயத்துடிப்பும் குருதியமுக்கமும் உயர்ந்தன. இசைக்கு இடையே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்திலோ அவை தொடக்க நிலையினும் தாழ்ந்தன. அவர்களே 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, செபமாலை மன்றாட்டையும் மந்திரத்தையும் உரத்துச் சொல்வோரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைவதையும், இதயத்தின் லயம் அதனோடு இசைவதையும் காட்டிற்று. சேர்ந்து பாடுவோரின் இதயத்துடிப்புகள் ஒருங்கே ஏறி இறங்குவதைச் சுவீடனில் விக்கோவ் குழுவினர் 2013இல் எடுத்துக்காட்டினர். பாடலடியின் நீளம் மூச்சை நெறிப்படுத்த, மூச்சின்வழி இதயம் செல்கின்றது என்பதே இவற்றின் சாரம்.

இக்கருத்தை மனங்கொண்டு வன்னிப் பாடல்களை நோக்கின், அவற்றின் அமைப்புப் புதிய பொருள் பெறும். அருவிவெட்டுப் பாடல்கள் உழைப்போரின் கையையும் மூச்சையும் ஒரே அளவில் நிறுத்துவன. சூடு மிதிக்கும் இரவில் எழும் பாடல் கண்ணயர்வைப் போக்குவது. இவை அமைதி தருவதற்காகப் பிறந்தவை அல்ல. உடலை இயக்குவதற்காகப் பிறந்தவை.

வழிபாட்டிசையில் இவ்வியல்பு மேலும் தெளிவாகும். நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில், மதுரையை எரித்துச் சினந்தணியாது வந்த கண்ணகி முதியவளாகத் தோன்றி மாடு மேய்க்கும் சிறுவரிடம் விளக்கேற்றக் கேட்டாள் என்பதும், எண்ணெய் இன்மையாற் கடல்நீரில் விளக்கு எரிந்தது என்பதும் மரபுக்கதை. வைகாசிப் பொங்கலின்போது பறையும் உடுக்கும் விரைவுற, அடியார் சிலர் உருவாடுவர். அந்நிலையில் இசை இதயத்தை ஆற்றுவதில்லை, கொதிக்கச் செய்கின்றது. ஆயின் அக்கொதிப்பு முடிவன்று. கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களிற் சடங்கின் நிறைவில் குளிர்த்தி பாடப்படுவதும் இவ்வொழுங்கையே உணர்த்தும். வெப்பத்தை மறுக்காது அதனை ஏற்றிப் பின் தணிப்பது இம்மரபின் நெறி. ஏற்றமும் இறக்கமும் மௌனமும் ஒன்றையொன்று வேண்டுவன என்பதைக் கருவிகள் அளந்து காட்டுமுன்பே சடங்கு அறிந்திருந்தது.

ஒப்பாரி இந்நெறியின் உச்சம். பெண்கள் தோளோடு தோள் கட்டி, மார்பிலடித்து, நீண்டதோர் அடியை ஒரே மூச்சில் இழுத்து, விம்மலோடு மீள மூச்செடுப்பர். ஒருத்தி தொடங்கப் பிறர் சேர்வர். தனியொருத்தியின் துயர் பலரின் மூச்சிற் பகிரப்படுகின்றது. இழப்பை அது அழிப்பதில்லை; சுமக்கத்தக்க அளவுக்குக் கொணர்கின்றது.

இதன் பெறுமதி 2009இல் அதன் இன்மையாற் புலப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில், இறந்தோரை முறைப்படி அடக்கஞ் செய்யவோ கூடியிருந்து அழவோ பலருக்கு இயலவில்லை. உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் வவுனியா மெனிக்பாமிற் சேர்ந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. வன்னி மக்களின் உளநிலையை ஆராய்ந்து 2010இல் கட்டுரை வெளியிட்ட உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இத்துயரைத் தனியாள் நோயாக அன்றிக் கூட்டு உளநெருக்கீடாகவே கண்டார். கூட்டாகப் பட்ட காயத்துக்குக் கூட்டான சடங்கு வேண்டும் என்பது அதனின்று பெறப்படும் முடிபு. பாடப்படாத ஒப்பாரி நெஞ்சினுள்ளே தங்கிவிடுகின்றது.

இந்நிலையில் நாட்டார் பாடல் ஆய்வு தன் குறையை உணர்தல் வேண்டும். மு. இராமலிங்கம் போன்றோர் ஒப்பாரிகளைத் தேடித் தொகுத்த பணி போற்றற்குரியது. அவர்கள் தொகுத்திராவிடின் பல அழிந்திருக்கும். எனினும் அச்சிற் கிடைப்பது சொல் மட்டுமே. அடி எங்கே நீண்டது, மூச்சு எங்கே அறுந்தது, எவ்விடத்தில் கேட்போர் சேர்ந்து அழுதனர், எப்பொழுது மௌனம் வந்தது என்பன தாளில் ஏறுவதில்லை. அத்தொகுப்புகளைக் கொண்டு உவமைகளையும் சொல்லாட்சியையும் வகைப்படுத்துவதோடு அமையும் திறனாய்வு, பாடலின் பாதியையே ஆராய்கின்றது. விழா மேடையில் ஐந்து நிமிடத்துக்குச் சுருக்கிப் பாடப்படும் ஒப்பாரியும் இவ்வாறே குறையுடையது. அங்கு கைதட்டல் எழுகின்றது. விம்மலுக்கோ மௌனத்துக்கோ இடமில்லை.

எனவே, வன்னியில் இன்னும் எஞ்சியிருக்கும் மூதாட்டியரின் பாடல்களைக் குரலோடும் மூச்சோடும், பாடிய சூழலோடும், அவர்தம் இசைவுடன் பதிவு செய்தலும், இசையும் மருத்துவமும் தமிழும் கற்போர் ஒருங்குகூடி அவற்றை ஆராய்தலும் இன்றியமையாதன. இழந்தோர் தம் இழப்பைப் பாடி அழுவதற்குரிய இடத்தையும் காலத்தையும் பெறுதல் அதனினும் முதன்மையானது. அழுகையை மெய்ப்பாட்டுள் வைத்து எண்ணிய மொழியின் மாணவர்க்கு இவ்விரண்டும் கடனாகும்.