வாஷிச் சந்தையும் உறைந்த இஞ்சியும்

பம்பாயின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் வாஷிக்குப் பெயர்ந்த பிறகு, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு, ஹார்பர் ரயிலேறிக் கழியைக் கடந்து போனால் மலிவாகக் கிடைக்குமென்று இரண்டு மூன்று கிலோ இஞ்சியை ஒருசேர வாங்கி வரும் சபலம் எழுவது சகஜம். அவ்வளவையும் என்ன செய்வது என்ற சங்கடத்துக்கு இக்காலம் கண்ட பரிகாரம் ஃப்ரீஸர். மழைக்காலத்து ஈரக் காற்றில் கூடையிலுள்ள இஞ்சி முளைவிடும், அல்லது பூஞ்சணம் பூக்கும். ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டிலோ, உஷ்ணப் பிரதேசத்துக் கிழங்காதலால் 12 டிகிரிக்குக் கீழான குளிர் நாளடைவில் ஒவ்வாமல் சுருங்கி அழுகும். ஆகவே பரிகாரம் நியாயமானதுதான்.

எனினும் இம்முறையின் குணமும் தோஷமும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை என்பதை அநேகர் கவனிப்பதில்லை. இஞ்சியின் எடையில் ஏறக்குறைய 80 சதவிகிதம் நீர்; அந்நீர் பனிக்கட்டியாகும்போது கிழங்கின் நுண்ணறைச் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. உறைந்தபடியே துருவினால் நார் சிக்காமல் பொடிப்பொடியாக உதிர்வதும், கொதிக்கும் நீரில் போட்ட மாத்திரத்தில் சாறு முழுதும் இறங்குவதும் பெருஞ் சௌகரியங்கள். தேநீருக்கும் ரசத்துக்கும் குருமாவுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வெண்பொங்கலில் பல்லில் கடிபட வேண்டிய துண்டும், பச்சடியில் நறுக்கென்றிருக்க வேண்டிய சீவலும், உறைந்து இளகினபின் சொதசொதவென்று உயிரற்றுப் போகின்றன. இளகியதை மறுபடி உறைய வைக்கும் சிக்கனமோ, சுவையையும் சேர்த்துச் சிக்கனம் செய்வதாகும்.

இன்னொன்று: பாலைத் திரிக்கும் நொதி ஒன்று இஞ்சியில் உண்டு, குளிர் அதை அழிப்பதில்லை, கொதிதான் அழிக்கிறது. சாறு தாராளமாகக் கசியும் உறைந்த துருவலை அவசரத்தில் நேரே பாலிலிட்டுச் சூடேற்றுகிறவர், முதலில் தண்ணீரில் கொதிக்க விட்டிருக்கலாமே என்று பின்னால் வருந்த நேரும்.

சுக்கு இதற்கு மாற்றாகாது. உலரும்போது இஞ்சியின் காரச்சத்தே வேறொன்றாகப் பரிணமித்து உக்கிரமடைகிறது. கஷாயத்துக்கு அது உத்தமம், துவையலுக்கு உதவாது. மணலில் புதைத்து வைக்கும் பழைய சட்டிதான் கிழங்கை உயிரோடு வைத்திருப்பது; ஆனால் சில வாரங்களுக்கே அது தாங்கும், மேலும் அடுக்குமாடி வீட்டில் அதற்கும் இடம் தேட வேண்டும். 2023-இல் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, ஃப்ரீஸரில் சேமித்திருந்தவர்கள் புத்திசாலிகளாகவே காட்சியளித்திருப்பார்கள். ஆயினும், விலை சரிந்த நாட்களில் தேவைக்கு மிஞ்சி வாங்கவும் அதே பெட்டிதான் தைரியம் கொடுக்கிறது. இறுகக் கட்டாத பையில் ஈரமும் மணமும் மெல்லப் போய், மாதங்கள் கழித்து மிஞ்சுவது நார் மட்டுமே. துருவலுக்கு வேண்டியதை மட்டும் உறையவிட்டு, துவையலுக்கும் பொங்கலுக்கும் அவ்வப்போது கால் கிலோ வாங்குவதே என் அபிப்பிராயத்தில் உசிதம். மாங்காய் இஞ்சியை மாத்திரம் ஃப்ரீஸர் பக்கமே கொண்டு போகலாகாது. நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஊறப்போட்டால் போதும்.