ஜனப்பிரியை: ஒரு ஸ்லாவியப் பெயரை ரசிப்பது எப்படி

மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தார் தமிழில் அச்சிட்டு, மலிவு விலையில் நம்மவர் கைக்கு வந்துசேர்ந்த ருஷ்ய நாவல்களைப் படித்தவர்களுக்கு, ஒரே கதாபாத்திரம் ஒரு பக்கத்தில் ஒரு பெயராலும் மறு பக்கத்தில் வேறொரு பெயராலும் அழைக்கப்படுவதைக் கண்டு திகைத்த அனுபவம் இருக்கும். அந்த மாறுதல்களைக் குழப்பம் என்று கருதித் தாண்டிச் செல்கிறவர் நாவலின் சுவையில் ஒரு பெரும் பங்கை இழந்துவிடுகிறார் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏதேனும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அதன் நயங்களைப் பொறுமையாக அறிந்துகொண்டால் மற்றவை தாமே பழகிவிடும். அதற்கு லியுத்மிலா என்ற பெயரைவிடத் தகுந்தது வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பண்டைய ஸ்லாவியர்கள் இரண்டு சொற்களை இணைத்துக் குழந்தைக்கு நாமகரணம் செய்யும் வழக்கமுடையவர்கள். புகழைக் குறிக்கும் ‘ஸ்லாவ்’, ஆட்சியைக் குறிக்கும் ‘விளாத்’, தெய்வத்தைக் குறிக்கும் ‘போக்’ முதலிய சில சொற்களே மாறி மாறிச் சேர்ந்து எண்ணற்ற பெயர்களாயின. ‘லியுத்’ என்றால் ஜனங்கள். ‘மிலா’ என்றால் பிரியமானவள். ஆகவே லியுத்மிலா ஜனப்பிரியை ஆகிறாள். இதை வர்ணனையாகக் கொள்ளலாகாது, ஆசீர்வாதமாகவே கொள்ள வேண்டும். ஏனெனில் தொட்டிலில் கிடக்கும் சிசுவை ஊரார் நேசிப்பார்களா என்பதை அறிந்து பெயரிட்டவர் எவருமில்லை.

ஆசீர்வாதம் எவ்வளவு கடுமையான சோதனைக்கு உள்ளாகக்கூடும் என்பதைச் செக் நாட்டுச் சரித்திரம் காட்டுகிறது. பொஹீமியாவின் கோமகன் போர்ஷிவோயின் மனைவியான லுத்மிலா, கிறிஸ்துவ மதத்தைத் தழுவிய அந்நாட்டு முதல் அரசகுலத்தவருள் ஒருத்தி; பேரன் வாத்ஸ்லாவை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அவளிடம் இருந்தது. அதனாலும் ஆட்சியின் மீதிருந்த போட்டியாலும் பகை கொண்ட மருமகள் த்ரஹொமீரா அனுப்பிய ஆட்கள் 921ஆம் ஆண்டு செப்டம்பரில் தெத்தீன் கோட்டையில் அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அந்த மருமகளுடைய பெயரின் முற்பகுதிக்கும் ‘அருமையான’ என்றுதான் பொருள் என்பதை எண்ணுந்தோறும் என் மனம் கனக்கிறது. ஆயினும் ஜனங்கள் லுத்மிலாவை மறக்கவில்லை. கொலைக்குக் கருவியாயிருந்ததாகச் சொல்லப்படும் முக்காட்டுத் துணியையே அவளுடைய சின்னமாக்கி, புனிதையென்று போற்றினார்கள். பிராக் நகரத்துச் சார்லஸ் பாலத்தில் அவள் சிறுவனான பேரனுடன் சிலையாய் நிற்கிறாள். த்வோர்ஷாக் 1886இல் அவள் பெயரால் ஒரு பெரும் இசைக் காவியம் படைத்தார்.

புனிதையானதன் பயன் பெயருக்கும் கிட்டியது. ருஷ்யத் திருச்சபை தன் புனிதர் நாள்காட்டியிலுள்ள பெயர்களையே ஞானஸ்நானத்தில் சூட்டியதால், பழைய ஸ்லாவியப் பெயர்களில் பெரும்பாலானவை கிரேக்க, எபிரேயப் பெயர்களுக்கு வழிவிட்டு மறைந்தன. நாள்காட்டியில் இடம்பெற்றிருந்த லியுத்மிலா பிழைத்தாள். ஆனால் ஏட்டில் இருந்த பெயரை நாவிற்குக் கொணர்ந்தவர்கள் கவிஞர்கள். 1808இல் ழுக்கோவ்ஸ்கி இப்பெயரால் ஒரு கதைப்பாடல் இயற்றினார்; 1820இல் புஷ்கினுடைய ‘ருஸ்லானும் லியுத்மிலாவும்’ வெளிவந்தது; 1842இல் கிளிங்கா அதை இசை நாடகமாக்கினார். ஸ்வெத்லானா என்ற பெயரின் கதி வேறு. கவிஞர்களே கற்பித்த அப்பெயர் ழுக்கோவ்ஸ்கியின் மற்றொரு பாடலால் கீர்த்தி பெற்றும், நாள்காட்டியில் இல்லாத காரணத்தால் 1917ஆம் ஆண்டுப் புரட்சி வரை காத்திருந்து, அதன் பின்னரே நாடெங்கும் பரவியது.

இனிச் செவிக்குரிய பாடம். ருஷ்யர் ‘மி’ என்ற எழுத்தை அழுத்தி, முதற்பகுதியை விரைந்து கடந்து லியுத்மீலா என்பார்கள். செக் மக்கள் முதல் அசையையே அழுத்துவதால் பெயர் நிமிர்ந்து நடப்பதுபோல் ஒலிக்கும். போலிஷ்காரர் வாயில் கடைசி ‘லா’ கரைந்து ‘வா’ ஆகிவிடும். அடுத்து, யார் அழைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஆசிரியையையும் மேலதிகாரியையும் தந்தை பெயர் சேர்த்து லியுத்மிலா இவானவ்னா என்பது மரியாதை. தோழிக்கு அவள் லியுதா. குழந்தையாகவோ அருமையாகவோ எண்ணும்போது லியுதச்கா. வீட்டில் லியூஸ்யா அல்லது மிலா. லியுத்கா என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பால்ய சிநேகிதி சொன்னால் உரிமை, அந்நியர் சொன்னால் அவமதிப்பு.

விளியை எட்டாம் வேற்றுமையாகப் பயின்ற தமிழர்க்கு இங்கே ஒரு தனி இன்பம் உண்டு. செக் மொழியில் விளி இன்றும் உயிரோடிருப்பதால் லுத்மிலாவைக் கூப்பிடும்போது ‘லுத்மிலோ’ என்கிறார்கள். ருஷ்ய மொழி பழைய விளியைக் கைவிட்டபோதிலும், பேச்சு வழக்கில் லியுதாவின் ஈற்றைக் கெடுத்து ‘லியுத்!’ என்று குரல் கொடுக்கிறது.

இவற்றையெல்லாம் ஒருங்கே கேட்க விரும்புகிறவர்கள் ரியஸானவ் 1977இல் இயக்கிய ‘அலுவலகக் காதல்’ என்ற திரைப்படத்தைப் பார்க்கலாம். புள்ளிவிவர அலுவலகமொன்றின் கண்டிப்பான தலைவி லியுத்மிலா புரகோஃபியெவ்னாவின் பெயர் அதில் பல வாய்களிலிருந்து பலமுறை எழுகிறது. திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பைச் சில நிமிஷங்கள் படியாது விட்டு, அப்பெயர் அச்சத்தோடு வருகிறதா, ஆசையோடு வருகிறதா என்பதை மட்டும் கேளுங்கள்.