மறைவுக்குப் பின் ஒலிக்கும் குரல்: சில ஹிப்ஹாப் ஆல்பங்கள்

ராப் கலைஞர் ஒருவர் இறந்தபின் வெளியாகும் ஆல்பத்தை எப்படி மதிப்பிடுவது? துக்கத்தில் பிறக்கும் பாராட்டு, 'எல்லாம் காசுக்காக' என்ற கோபம் இரண்டுமே நம்மைப் பாட்டைக் கேட்க விடுவதில்லை. எந்த முடிவுகளைக் கலைஞரே எடுத்தார், எவற்றைப் பிறர் எடுத்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பதே சரியான வழி. ராப்பில் இது மிக முக்கியம். எங்கே மூச்சு வாங்குவது, எந்த அசையைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி இறக்குவது என்பதெல்லாம் பீட்டைக் கேட்டுக்கொண்டே தீர்மானிப்பவை. பீட்டை மாற்றுகிறவர் பாட்டில் பாதியை மாற்றுகிறார்.

கலைஞரே முடித்துவிட்டுப் போன முதல் வகையில் சிக்கல் இல்லை. டூபாக் ஷகூர் 1996 செப்டம்பர் 13 அன்று இறந்தார். அவர் ஆகஸ்டிலேயே ஒரு வாரத்தில் செய்து முடித்த 'தி 7 டே தியரி' நவம்பரில் வந்தது. நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997 மார்ச் 9 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட 16 நாட்களில் 'லைஃப் ஆஃப்டர் டெத்' வெளியானது. இரண்டும் அவர்களே உருவாக்கியவை. வெளியீடு மட்டுமே மரணத்துக்குப் பிந்தியது.

மிச்சமிருந்த குரல் பதிவுகளை வைத்துப் புதிதாகச் செய்யும்போதுதான் தொல்லை. டூபாக்கின் 'லாயல் டு தி கேம்' (2004) ஆல்பத்துக்கு எமினெம் இசையமைத்தார். தன் பீட்டுக்கு இசைய டூபாக்கின் குரலின் வேகத்தையும் சுருதியையும் மாற்றினார்; டூபாக் இறந்த பிறகு புகழ்பெற்றவர்களின் பெயர்களைக்கூட அவர் வாயால் சொல்லவைத்தார். எமினெமின் பக்தி உண்மையானதே. ஆனால் அங்கே டூபாக் பாடவில்லை, பாடவைக்கப்படுகிறார். இளம் ராப்பர் பாப் ஸ்மோக்கின் 'ஃபெய்த்' (2021) வேறு விதமாகச் சறுக்கியது. விருந்தினர் கூட்டத்தில் அந்த இளைஞரின் கனத்த குரலே ஓரமாய் ஒதுங்கிவிட்டது.

கேங் ஸ்டார் இரட்டையரின் 'ஒன் ஆஃப் த பெஸ்ட் யெட்' (2019) இதற்கு நேர்மாறு. இருவரில் ராப்பரான, 2010இல் மறைந்த குரு வேறொரு தயாரிப்பாளருடன் பதிவு செய்திருந்த குரல்களை அவருடைய கூட்டாளி டிஜே பிரீமியர் விலைகொடுத்து வாங்கிப் புதிய பீட்டுகளை அமைத்தார். பீட் மாறியும் பாட்டு சிதையவில்லை. ஏற்ற இறக்கம் அதிகமில்லாத குருவின் நிதானமான குரலுக்கு எவ்வளவு இடம்விட வேண்டும் என்பது பல ஆண்டுகள் கூடவே இருந்தவருக்குக் கைவந்திருந்தது. வந்த விருந்தினர்களிலும் பலர் பழைய சகாக்கள்.

ஆனாலும் என் கணிப்பில் முதலிடம் மேக் மில்லரின் 'சர்க்கிள்ஸ்' ஆல்பத்துக்கே. பிட்ஸ்பர்க்கில் பிறந்த மில்லர் 2018 செப்டம்பரில், 26 வயதில் இறந்தார். முந்தைய மாதம் வந்த 'ஸ்விம்மிங்' ஆல்பத்துக்கு இணையாக அவர் திட்டமிட்டிருந்த இதை, உடன் பணியாற்றிய ஜான் பிரையன் முடித்துக்கொடுத்தார். 2020 ஜனவரியில் வெளியானது. 'குட் நியூஸ்' பாட்டைக் கவனியுங்கள். மெல்ல மீட்டும் தந்தி, அடக்கமான டிரம்ஸ், ராப்புக்கும் பாட்டுக்கும் நடுவே களைத்து நகரும் குரல். அதை உலுக்கி எழுப்பும் ஆரவாரம் எதையும் பிரையன் சேர்க்கவில்லை. கடைசிப் பாட்டான 'ஒன்ஸ் எ டே'யில் குரலும் கீபோர்டும் தவிர ஏறக்குறைய ஏதுமில்லை. மில்லர் போய்க்கொண்டிருந்த திசை நமக்குத் தெளிவாகவே கேட்கிறது. அந்தத் திசையை அறிந்து, அதற்குள்ளேயே நின்றதுதான் பிரையனின் சாதனை.

ஆக, முடித்துவைப்பவரின் திறமையைவிட அவருக்கும் கலைஞருக்கும் இருந்த உறவே இந்த ஆல்பங்களின் தரத்தைத் தீர்மானிக்கிறது. தான் இறந்தபின் எதையும் வெளியிட வேண்டாம் என்று ராப் கலைஞர் ஆண்டர்சன் பாக் 2021இல் கையில் பச்சையே குத்திக்கொண்டார். கலைஞர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது. எதை வெளியிடலாம், யார் முடிக்கலாம் என்பதை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது இசை நிறுவனங்களின் கடமை. யார் எதைச் சேர்த்தார்கள் என்பதை உறையிலேயே அச்சிடட்டும். அப்போதுதான் இறந்தவரின் பெயரில் வருவதை அவருடைய படைப்பாக நாம் நம்பிக் கேட்க முடியும்.