இழப்பவர் கையில் சாவி

தொலைபேசிச் சந்தையில் போட்டி என்றதும் கட்டணக் குறைப்புதான் நம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க உள்ளூர்த் தொலைபேசிச் சந்தையின் 1996-க்குப் பிந்தைய கதையைக் கூர்ந்து படித்தால், போட்டியின் தலையெழுத்து வேறோர் இடத்தில் எழுதப்பட்டது தெரியும்: ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பும் ஆர்டரில். அந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று கையெழுத்தான தொலைத்தொடர்புச் சட்டம், வீடுதோறும் செப்புக் கம்பி இழுத்து வைத்திருந்த பழைய பெல் நிறுவனங்கள் அந்தக் கம்பிகளையும் இணைப்பகங்களையும் புதிய போட்டியாளர்களுக்கு மொத்த விலையில் வாடகைக்குத் தர வேண்டும் என்றது. இதன்படி ஒரு குடும்பம் புதிய நிறுவனத்துக்கு மாற விரும்பினால், புதியவர் அந்தக் குடும்பத்தின் சேவைப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும், ஆர்டர் அனுப்ப வேண்டும், உறுதிச் செய்திக்குக் காத்திருக்க வேண்டும், வேலை முடிந்ததென்ற அறிவிப்பைப் பெற வேண்டும். இவை அனைத்தையும் அவர் கேட்டு நிற்கும் இடம், அதே குடும்பத்தை வாடிக்கையாளராக இழக்கப்போகிற நிறுவனம். மொத்த வியாபாரியே சில்லறைக் கடையிலும் எதிராளியாக நிற்கும் இந்த அமைப்பை, கண்காணிப்பாலும் அபராதத்தாலும் நேர்மையாக நடத்திவிடலாம் என்று அமெரிக்க ஒழுங்குமுறையாளர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பாதி பலித்தது. பலிக்காத பாதியின் காரணம் கண்காணிப்பின் குறையில் இல்லை, அமைப்பிலேயே இருந்தது என்பதே என் வாதம்.

பலித்த பாதியை முதலில் சொல்வதுதான் நியாயம். 1996 ஆகஸ்டில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் பிறப்பித்த ஆணை, பலர் கவனிக்கத் தவறிய ஓர் உண்மையைப் பிடித்தது. கம்பியைத் திறந்துவிட்டுக் கணினியை மூடி வைத்தால் போட்டி ஏட்டோடு நின்றுவிடும். எனவே ஆர்டருக்கு முந்தைய விசாரணை, ஆர்டர், இணைப்பு வழங்கல், பழுதுபார்ப்பு, பில்லிங் ஆகிய ஐந்து வேலைகளைச் செய்யும் கணினி அமைப்புகளும் வலையமைப்பின் ஓர் உறுப்பே என்றும், அவற்றையும் பாகுபாடின்றித் திறக்க வேண்டும் என்றும் ஆணையம் வகுத்தது. அவை வலையமைப்பின் உறுப்பே என்பதை 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. சட்டம் கையாண்ட தூண்டுகோலும் கூர்மையானது. 1984-ல் ஏடி அண்ட் டி உடைக்கப்பட்டு, அதிலிருந்து பெல் நிறுவனங்கள் பிரிந்தபோது அவற்றுக்குத் தொலைதூர அழைப்புச் சந்தை மூடப்பட்டிருந்தது. உள்ளூர்ச் சந்தையை 14 அம்சப் பட்டியலின்படி திறந்து காட்டினால், மாநிலம் மாநிலமாக அந்தத் தடை விலகும் என்றது சட்டம். இந்த ஆசையை முன்னால் வைத்துக்கொண்டுதான் ஆணையம் கண்டிப்பாக நடந்தது. மிச்சிகனில் அமெரிடெக், தென் கரோலினாவில் பெல்சவுத் என 1997-லேயே விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஆர்டர் அமைப்புகளின் குறைபாடு இரண்டிலும் முக்கியக் காரணம். போட்டியாளர் மின்வழியில் அனுப்பிய ஆர்டரைப் பெல் நிறுவன ஊழியர் மறுபடியும் கையால் தட்டச்சு செய்து உள்ளே ஏற்றும் முறையை, திறந்த அமைப்பென்று ஏற்க ஆணையம் மறுத்தது.

நியூயார்க் மாநிலம் செய்த சோதனை இன்னும் மேலானது. பெல் அட்லான்டிக்கின் அமைப்பைச் சோதிக்க அந்த மாநில ஆணையம் கேபிஎம்ஜி நிறுவனத்தை அமர்த்தியது. கேபிஎம்ஜி சோதனைக்கென்று ஒரு பொய்ப் போட்டியாளரை உருவாக்கி, அதன் வழியே ஆர்டர்களை அனுப்பி, எது திரும்பி வருகிறது, எது தேங்குகிறது என்று அளந்தது. தோற்ற இடத்தைத் திருத்தி மறுபடி சோதிப்பது, தேறும்வரை விடுவதில்லை என்பது விதி. ஒழுங்குமுறை வரலாற்றில் இவ்வளவு உழைப்போடு நடந்த சோதனைகள் குறைவு என்றே நினைக்கிறேன். காகிதத்தில் தரும் வாக்குறுதியை நம்பாமல், வாடிக்கையாளரின் இடத்திலிருந்து அமைப்பை ஓட்டிப் பார்த்த அந்தப் பண்புக்காகவே இதைப் போற்ற வேண்டும். தேறிய பெல் அட்லான்டிக்குக்கு 1999 டிசம்பர் 22 அன்று தொலைதூர அனுமதி கிடைத்தது. நாட்டிலேயே முதல் அனுமதி அதுதான்.

ஆனால் அந்த அனுமதியின் ஈரம் காய்வதற்குள் ஆர்டர்கள் காணாமல் போயின. போட்டியாளர்கள் அனுப்பியவற்றுக்கு ஒப்புகைச் செய்தி வரவில்லை, உறுதிச் செய்தி வரவில்லை, வேலை முடிந்த பிறகும் அறிவிப்பு வரவில்லை. வெளியாருக்குச் சிறிய கோளாறாகத் தோன்றும் இது, புதிய நிறுவனத்தின் உயிர்நாடியைப் பிடிப்பது. முடிந்ததென்ற அறிவிப்பு வராதவரை அது பில் போட முடியாது. வாடிக்கையாளருக்குப் பழைய நிறுவனத்தின் பில் தொடர்ந்து வரும். அவர் புதிய நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டால், அவருடைய இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்றே அங்கே யாருக்கும் தெரியாது. குறை எங்கே நேர்ந்திருந்தாலும் பழி வந்து விழுவது புதியவர் தலையில். 2000 மார்ச்சில் பெல் அட்லான்டிக் அரசுக் கருவூலத்துக்கு 30 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. மாநில ஆணைகளின்படி போட்டியாளர்களுக்கு ஒரு கோடி டாலர் தரவும் நேர்ந்தது. இதே நிகழ்விலிருந்து எழுந்த டிரின்கோ வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒழுங்குமுறை தன் கடமையைச் செய்திருக்கும்போது போட்டிச் சட்டத்தின் வழியாக இன்னொரு பொறுப்பைச் சுமத்த வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தது. மூன்றே மாதத்தில் நடவடிக்கை வந்தது உண்மைதான். அந்த வேகத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வெறுத்துப்போய்ப் பழைய நிறுவனத்துக்கே திரும்பிவிட்ட வாடிக்கையாளரை எந்த அபராதமும் மீட்டுத் தராது. மேலும், இதில் கெட்ட எண்ணம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. போட்டியாளர்கள் அனுப்பும் ஆர்டர்களுக்கென்று தனி நுழைவாயில் கட்டப்பட்டிருந்தது. பெல் அட்லான்டிக்கின் சொந்த விற்பனை ஊழியர்கள் அந்த வழியே போகவில்லை. ஆகவே அங்கே ஏற்படும் அடைப்பு அந்த நிறுவனத்தின் சொந்த வருமானத்தைத் தொடாது. தன் வருமானத்தைத் தொடாத பழுதை எந்த நிறுவனமும் இரவோடு இரவாகச் சரிசெய்வதில்லை.

இங்கேதான் சமநிலை என்ற அமெரிக்க அளவுகோலின் ஓட்டை தெரிகிறது. சொந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாளில் இணைப்பு தருகிறாயோ, போட்டியாளரின் வாடிக்கையாளருக்கும் அத்தனை நாளில் தர வேண்டும் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டு வெவ்வேறு அமைப்புகளின் சராசரிகளை அது ஒப்பிடுகிறது. சில வேலைகளில் ஒப்பிடுவதற்கே ஏதும் இருப்பதில்லை. போட்டியாளர் தம் சொந்த இணைப்பகத்தை வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் வாடகைக்கு எடுக்கும்போது நடக்கும் மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குத் துறையில் ஹாட் கட் என்று பெயர். பழைய நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளர், இணைப்பகத்தின் பிரதான விநியோகச் சட்டகத்தில் சேவையில் இருக்கும் கம்பியைக் கழற்றிப் போட்டியாளரின் கருவியில் மாட்ட வேண்டும். அதே நேரத்தில் எண் மாற்றமும், அதாவது வாடிக்கையாளரின் பழைய எண்ணையே புதிய நிறுவனத்துக்கு மாற்றும் பதிவும், மையத் தரவுத்தளத்தில் நடந்தாக வேண்டும். இரண்டும் பொருந்தாமல் போனால் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்புகள் சேராது. பழைய நிறுவனம் தன் சில்லறை வாடிக்கையாளருக்கு இந்த வேலையைச் செய்வதே இல்லை. அப்படியிருக்க, எதோடு ஒப்பிட்டு இதைச் சமநிலை என்பது? 2003-ல் ஆணையமே, கையால் செய்யும் இந்த வேலை சாதாரண வீட்டு வாடிக்கையாளர் சந்தையில் போட்டியாளருக்குத் தடையாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அதனால்தான் போட்டியாளர்களில் பெரும்பாலோர் கம்பி, இணைப்பகம் இரண்டையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்தார்கள். அதில் எந்தக் கம்பியையும் கழற்ற வேண்டாம், கணினியில் ஒரு பதிவு மாறினால் போதும். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் இந்த வழியில் மாறின. நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு 2005-ல் ஆணையம் அப்படி வாடகைக்குத் தர வேண்டிய கட்டாயத்தை நீக்கியபோது, அதை நம்பி வளர்ந்த போட்டியும் வடிந்தது. மாற்றம் எளிதாக இருந்த இடத்தில் மட்டுமே போட்டி வளர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

தாமதமும் தொலைதலும் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தகவலைப் பயன்படுத்துவது தற்செயல் ஆகாது. வாடிக்கையாளரை இழக்கப்போகிறவரிடமே ஆர்டர் போய்ச் சேருவதால், யார் எப்போது விலகப்போகிறார் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வெரைசான் (பெல் அட்லான்டிக்கின் பிற்காலப் பெயர்), எண் மாற்றக் கோரிக்கை வந்ததும், மாற்றம் முடிவதற்குள் அந்த வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டு சலுகை தந்து இழுத்துப் பிடித்தது. பிரைட் ஹவுஸ், காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள் ஆகியவை புகார் செய்தன. போட்டியாளர் தந்த தகவலைத் தன் விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாதென்ற சட்டப் பிரிவை இது மீறுகிறது என்று 2008-ல் ஆணையம் பெரும்பான்மையாக முடிவெடுத்தது. 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எதிர்வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. சலுகை கிடைப்பது வாடிக்கையாளருக்குத்தானே, கட்டணம் குறைவதைத் தடுப்பது எப்படிப் போட்டியாகும் என்று கேட்கிறார்கள். என் பதில் இது: விலகும் நோட்டீஸ் கொடுத்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை, பேசாமல் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானோருக்குக் கிடைப்பதில்லை. எதிராளி செலவு செய்து சம்மதிக்க வைத்த வாடிக்கையாளரை, எதிராளியே கொடுத்த சீட்டை வைத்துக் கண்டுபிடித்துத் திருப்புவது அந்த எதிராளியின் செலவை வீணாக்குகிறது. நாளடைவில் யாரும் அந்தச் செலவைச் செய்ய முன்வர மாட்டார்கள். கட்டணத்தைக் குறைத்து வைத்தது எதிராளி வாசலில் நிற்கிறார் என்ற பயம்தான். அவர் போய்விட்டால் சலுகையும் போய்விடும்.

இன்னொரு எதிர்வாதம் பாதுகாப்பைப் பற்றியது. பழைய நிறுவனம் சரிபார்க்காவிட்டால் வாடிக்கையாளரின் அனுமதியின்றி அவர் இணைப்பைத் திருடிக்கொள்ளும் நிறுவனங்கள் பெருகும் என்பார்கள். அமெரிக்கத் தொலைதூரச் சந்தையில் 1990-களில் இது பெரிய தொல்லையாகவே இருந்தது. அதனால் சம்மதத்தைச் சரிபார்ப்பது அவசியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சரிபார்ப்பவர் இழப்பவராகத்தான் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. எழுத்துவழி ஒப்புதல், சுயேச்சையான மூன்றாம் தரப்பு உறுதிப்பாடு என்று அதே அமெரிக்க விதிகள் வேறு வழிகளைக் காட்டின. எண் மாற்றத்துக்கான மையத் தரவுத்தளம் அதைவிட நல்ல பாடம். அது எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் கையிலும் இல்லாத நடுநிலை அமைப்பு. புதிய நிறுவனம் மாற்றத்தைப் பதிவுசெய்த பிறகு பழைய நிறுவனம் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால், மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டு மாற்றம் நடக்கலாம். தாமதத்தை ஆயுதமாக்கும் வாய்ப்பு அங்கே அடைபட்டது. இந்த அறிவு கையில் இருந்தும், அதற்கு முந்தைய படியான ஆர்டர் பரிமாற்றத்தை இழப்பவர் வசமே விட்டதுதான் அமெரிக்க முறையின் பெருங்குறை.

பிரிட்டன் இதே சிக்கலை வேறுவிதமாக அணுகியது. 2005 செப்டம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமிடம் பழைய தொலைபேசி நிறுவனமான பிடி தந்த உறுதிமொழிகளின்படி, கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் தனிப் பிரிவாகப் பிரிந்து 2006 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. பிடியின் சில்லறைப் பிரிவும் போட்டியாளர்களும் ஒரே விலையில், ஒரே காலத்தில், ஒரே ஆர்டர் அமைப்பின் வழியே கேட்டுப் பெற வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. பழைய அமைப்புகளைக் கலைத்துக் கட்டுவது வீண் செலவு என்பது அமெரிக்காவில் அடிக்கடி கேட்ட ஆட்சேபம். செலவு பெரிதுதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தச் செலவு ஒருமுறை வருவது. சராசரிகளை அளந்து, வழக்காடி, அபராதம் வசூலிக்கும் செலவு அமைப்பு உயிரோடு இருக்கும்வரை தொடர்வது. உரிமையாளரும் அதே வரிசையில் நிற்கும்போது, அமைப்பு முடங்கிய நாளில் முதல் கூக்குரல் உள்ளேயிருந்தே எழும். எனினும் பிரிட்டனும் முழுமையான முன்மாதிரி இல்லை. பழைய நிறுவனத்திடம் குறியீடு கேட்டு வாங்கி வரும் பிராட்பேண்ட் முறையை ஓப்பன்ரீச் கம்பிகளில் ஒழிக்க 2015 வரை ஆனது. வேறுவேறு வலையமைப்புகளுக்கிடையே புதிய நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும் என்ற முறை 2023 ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். அதைக் கட்டும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டதில் 2024 செப்டம்பர் 12 வரை இழுத்தது. பொது வாசலைக் கட்டுகிறவர்களுக்கு அவசரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 17 மாதங்கள் சாட்சி.

இந்தியக் கைபேசி எண் மாற்றமும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறது. 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்த முறையில், 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் விலகுவதற்குத் தேவையான குறியீட்டைப் பழைய நிறுவனமே உருவாக்கித் தந்தது. 2018 தொடக்கத்தில் ஏர்செல் சரிந்தபோது இதன் விலை என்ன என்று தமிழ்நாடு கண்டது. சிக்னல் இல்லாததால், விலகுவதற்கான குறுஞ்செய்தியைக்கூட அனுப்ப முடியாமல் மக்கள் கடைவாசல்களில் நின்றார்கள். 2019 டிசம்பர் 16 முதல், குறியீட்டை உருவாக்கும் வேலை நடுநிலை எண் மாற்றச் சேவையாளர் கைக்குப் போனது. தகுதி இருந்தால்தான் குறியீடு பிறக்கும் என்பதால், பின்னால் வரும் காரணமற்ற நிராகரிப்புகளுக்கு இடம் குறைந்தது. இது நல்ல திருத்தம். ஆனால் பாக்கி இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் இன்னும் பழைய நிறுவனத்தின் கணினியிலிருந்துதான் வருகிறது. முதல் குறுஞ்செய்தியும் அதன் அலைவரிசை வழியேதான் கிளம்ப வேண்டும். சம்மதத்தை உறுதிசெய்ய அடையாளச் சரிபார்ப்பு தேவை என்றால், புதிய நிறுவனத்தின் கடையில் இன்று எடுக்கும் ஆதார்ச் சரிபார்ப்பையே நடுநிலைச் சேவையாளரோடு இணைக்கலாம். பாக்கி விவகாரத்தை மாற்றத்திலிருந்து பிரித்து, கடனாகத் தனியே வசூலிக்கச் சொல்லலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த முறை விதிகளைத் தொடும்போது எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டு இடங்கள் இவை.