பாதத்தின் சாய்வு

2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் ஆசிய குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் தென்கொரியாவின் கிம் சேயோனுக்கு. வெள்ளி ஜப்பானின் கவோரி சகமோட்டோவுக்கு. 2022 முதல் 2024 வரை உலகச் சாம்பியன் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் அவர். ஹார்பின் முடிவுப் பட்டியலில் எட்டாவது பெயர் தாரா பிரசாத், இந்தியா.

அந்த எட்டாவது இடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தாரா 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறியவர்கள். பனித்தளத்துக்கும் பயிற்சியாளருக்கும் பஞ்சமே இல்லாத நாட்டில் வளர்ந்த பெண், 2019இல் இந்தியக் குடியுரிமைக்கு மாறி, நம் கொடியின் கீழ் ஆடத் தொடங்கினார். 2022, 2023, 2025 என மூன்று முறை தேசியச் சாம்பியன். அவர் தேர்ந்தெடுத்த நாட்டில் இந்தக் கலைக்கு இருக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். சிம்லாவில் 1920 முதல் ஒரு திறந்தவெளித் தளம் இருக்கிறது. இயற்கைக் குளிர் உறையவைத்தால்தான் அங்கே ஆட்டம். டேராடூனில் 2011இல் கூரையுடன் ஒலிம்பிக் அளவுத் தளம் ஒன்றைக் கட்டினார்கள். நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2025இல்தான் மறுபடி உயிர் பெற்றது. இப்படிப்பட்ட நாட்டின் பெயரை முதுகில் தாங்கி, சகமோட்டோ சறுக்கிய அதே பனியில் இறங்கி, முதல் பத்துக்குள் வருவது சின்ன விஷயமில்லை.

ஆனால் இடத்தையும் பதக்கத்தையும் மட்டும் பார்த்தால் இந்தக் கலையில் பாதி கண்ணில் படாமலே போய்விடும். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் தாவலைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை சுற்று, விழுந்தாளா நின்றாளா, அவ்வளவுதான். கொஞ்சம் கணக்குப் போட்டால் உண்மை தெரியும். பெண்களின் நீள் ஆட்டம் சுமார் 4 நிமிடம். மூன்று சுற்றுத் தாவல் ஒன்று காற்றில் இருப்பது முக்கால் நொடிக்கும் குறைவு. எல்லாத் தாவல்களையும் கூட்டினாலும் பத்து நொடி தேறாது. மிச்சமிருக்கும் நேரமெல்லாம் உடல் பனியில், ஒரு கத்தியின் மேல்.

அந்தக் கத்தியின் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர். அடிப்பாகம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம். அதனால் ஒவ்வொரு கத்திக்கும் இரண்டு விளிம்புகள், உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த விளிம்பு பனியைக் கடிக்கும், உடல் அந்தப் பக்கமே வளைந்து செல்லும். முன்னோக்கியும் போகலாம், பின்னோக்கியும் போகலாம். ஃபிகர் ஸ்கேட்டிங்கின் இலக்கணம் முழுக்க இந்தச் சாய்விலிருந்து பிறந்தது. பரதத்தில் அரைமண்டி சரியாக உட்காராத உடலில் எந்த அடவும் நிற்காது அல்லவா, அதேபோல முழங்கால் மடிந்து விளிம்பு ஆழமாக உட்காராத காலில் இங்கே எதுவும் நிற்காது.

லட்ஸ் என்ற தாவலைப் பாருங்கள். பெரும்பாலோர் சுற்றும் திசையை வைத்துச் சொன்னால், இடது காலின் வெளி விளிம்பில் பின்னோக்கி ஒரு நீண்ட வளைவு. பிறகு வலது காலின் கத்தி முனையிலுள்ள பல்லைப் பனியில் ஊன்றி எழும்ப வேண்டும். வளைவு ஒரு திசையில் இழுக்கும். சுற்ற வேண்டியதோ அதற்கு நேர் எதிர்த் திசையில். அந்த இழுபறி உடலுக்குப் பிடிக்காது. கடைசிக் கணத்தில் கணுக்கால் தன்னையறியாமல் உள்விளிம்புக்குச் சரிந்துவிடும். சரிந்தால் அது லட்ஸ் இல்லை. தொழில்நுட்ப நடுவர்கள் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்து அதைக் குறித்துவிடுவார்கள், மதிப்பெண் குறையும். உள்ளே சரியாமல் கடைசிவரை வெளி விளிம்பைப் பிடித்திருக்கும் ஒரு கணுக்காலைப் பார்த்துவிட்டால், அதன்பின் அந்தத் தாவல் மூன்று சுற்றா இரண்டரையா என்பதில் எனக்கு அத்தனை ஆர்வம் இருப்பதில்லை.

சகமோட்டோவை நான் கொண்டாடுவது இதனால்தான். அவருடைய ஆக்ஸலைப் பாருங்கள். தாவல்களில் ஆக்ஸல் மட்டுமே முகம் முன்னோக்கியபடி எழும்பும் தாவல்; அதனால் அரைச் சுற்று கூடுதல். அமெரிக்காவின் இலியா மலினின் 2022இல் நாலரைச் சுற்று ஆக்ஸலைப் போட்டு வரலாறு படைத்தார். சகமோட்டோ போடுவது வெறும் இரண்டரைச் சுற்றுதான். ஆனால் அவர் வேகத்தைக் குறைக்காமல் வந்து எழும்பி, நல்ல தூரத்தைக் காற்றிலேயே கடந்து, இறங்கிய பின்னும் அதே வேகத்தில் பின் வெளிவிளிம்பில் வழுக்கிப் போகிறார். இரண்டில் ஒன்றை இன்னொரு முறை பார்க்கலாம் என்றால் நான் சகமோட்டோவின் ஆக்ஸலைத்தான் கேட்பேன். மிஷெல் குவானின் ஸ்பைரலும் அப்படித்தான். 1996க்கும் 2003க்கும் இடையே ஐந்து முறை உலகச் சாம்பியனான குவான், ஒரு காலைப் பின்னால் உயர்த்தி, ஒற்றைக் காலில் உள்விளிம்பில் வளைந்து வந்து, காலை மாற்றாமலே வெளிவிளிம்புக்கு மாறுவார். உடல் அசையாது, கை அசையாது. பனியில் விழும் வளைவு மட்டும் திசை மாறும். அந்த ஒரு மாற்றத்தில் அரங்கமே ஆர்ப்பரிக்கும்.

காதாலும் இதை ரசிக்கலாம். தளத்தருகே மைக் வைத்து ஒளிபரப்பும் போட்டிகளில் இசைக்குக் கீழே கத்தியின் சத்தம் கேட்கும். கத்தி தட்டையாக நின்றால் கரகரவென்று உரசும். ஆழமான விளிம்பு கிட்டத்தட்ட மௌனமாகப் போகும்.

ஒரு காலத்தில் போட்டியில் இந்த விளிம்புக்கே தனிப் பிரிவு இருந்தது. வட்டமும் எட்டும் பனியில் வரைய வேண்டும். அதே கோட்டின் மேல் மறுபடி, மறுபடி. நடுவர்கள் குனிந்து கோட்டைச் சோதிப்பார்கள். 1968 வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்கே. தொலைக்காட்சிக்கு இது ஒத்துவரவில்லை. 1990உடன் சர்வதேசப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரசிகர் கூட்டம் பெருகியது உண்மைதான். ஆனால் பொறுமை தானாகவே வளர்ந்த ஒரு பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் இருப்பது வேலப்பன்சாவடியில். மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, நெடுஞ்சாலையில் லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் ஓயாத ஊர். சித்திரை வெயிலில் இங்கே பனிக்கட்டி என்றால் ஜூஸ் கடையில்தான். ஆனாலும் சாயங்காலம் ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் பார்க்கிங்கில் ஹெல்மெட்டும் முழங்கால் கார்டும் மாட்டிய பிள்ளைகள் சக்கர ஸ்கேட்டில் இறங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் வேகப் பயிற்சிதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரில் தங்கம் வென்று, சக்கர ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியனான ஆனந்த்குமார் வேல்குமார் நம் சென்னைப் பையன். அவரைப் பார்த்து ஓடும் பிள்ளைகள் ஓடட்டும், இன்னும் பலர் ஓடட்டும்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நாலு சக்கர குவாட் ஸ்கேட் மாட்டிய ஒரு சிறுமி, ஓட்டத்தை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் வளைந்து பார்ப்பாள். குவாட்டில் பாதத்தைச் சாய்த்தால் அடியிலிருக்கும் ரப்பர் நசுங்கி, சக்கரங்கள் அந்தப் பக்கம் திரும்பும். விளிம்பு அங்கேயும் இருக்கிறது. ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்ற பெயரில் அதற்குத் தேசியப் போட்டியும் உண்டு. பனியில் 1990இல் கைவிடப்பட்ட அந்த வட்டங்கள் சக்கரத்தில் இன்றும் நடக்கின்றன, தரையில் பெயிண்ட்டால் வரைந்த கோட்டின் மேல். அதற்குக் குளிர்சாதன இயந்திரமோ கோடிக்கணக்கில் செலவோ தேவையில்லை. வழவழப்பான சிமெண்ட் தரை, ஒரு டப்பா பெயிண்ட், சாய்வு தெரிந்த ஒரு பயிற்சியாளர் போதும். வேலப்பன்சாவடியில் முதல் இரண்டும் இப்போதே கிடைக்கும். மூன்றாவதை நாம்தான் தேடிக் கொண்டுவர வேண்டும்.